க்யூடி இடைவெளியின் பழைய நினைவை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

வணக்கம். 24 மணி நேர ஹோல்ட்டர் (உடலில் மாட்டிக்கொள்ளும் சிறு இசிஜி கருவி) பதிவு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். இசிஜி அலசலில் அனுபவமுள்ளவர்கள் கைகொடுக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். பதிவுக்குரியவர் படியேறி நின்றதும் துடிப்பு 100-லிருந்து 70-க்கு மளமளவென்று இறங்குகிறது. க்யூடியோ (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் வரையான நேரம்) 340 மில்லிசெகண்டிலேயே அடம்பிடிக்கிறது. முதல் சில துடிப்புகளில் கொஞ்சம் அசைகிறது, பிறகு 2, 3 நிமிடம் எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து நீள்கிறது. க்யூடியைத் துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்த பாசெட் 1920-இல் தந்த வாய்பாட்டுக்கு இந்தத் தாமதமே தெரியாது. கடைசி ஆர்ஆர் இடைவெளியை (அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம்) மட்டும் பார்த்து, 439 என்று காட்டிய திருத்திய க்யூடியை ஒரே தாவலில் 367 ஆக்கிவிடுகிறது. இதயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை! செல்லுக்குள் சேர்ந்த சோடியம் வடிய நேரம் பிடிப்பதும் இந்த மந்தத்துக்கு ஒரு காரணம் என்று படித்தேன்.

எனவே முந்தைய ஆர்ஆர் இடைவெளிகளுக்கு எடை கொடுத்து, பழையவற்றின் எடை படிப்படியாகத் தேயும்படி சராசரி எடுக்கிறேன். தேய்வின் நேர மாறிலியை 60 விநாடி என்று வைத்தேன். ஓரளவு சரிவருகிறது, ஆனால் துடிப்பு ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி பிசகுகிறது.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனி மாறிலி வைக்கலாமா? ஆளுக்கு ஆள் மாற்றிப் பொருத்த வேண்டுமா? இடையில் வரும் முந்துதுடிப்புகளை நீக்கிவிடுகிறீர்களா, இட்டு நிரப்புகிறீர்களா? கடைசிக் கேள்விதான் என்னை அதிகம் படுத்துகிறது.