கினிப்பன்றிகளின் ‘டாமினன்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

பெரம்பூரிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பகுதியில் சிறு பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்கும் ஒருவருக்காக, கினிப்பன்றி வளர்ப்போருக்கான துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தீவனம், வைட்டமின் சி, கோடை வெப்பம் எல்லாம் முடிந்தது. ‘டாமினன்ஸ்’, அதாவது கூண்டில் யார் பெரியவர் என்று காட்டிக்கொள்ளும் நடத்தை, அந்தப் பகுதியில் தமிழ்ச்சொல் கிடைக்காமல் இரண்டு நாளாக நிற்கிறேன்.

என் வீட்டில் இரண்டு பெண் குட்டிகள், மிளகும் கடுகும். பல்லாவரம் சந்தையில் வாங்கியவை. மூன்று மாதம் ஆனதும் மிளகு இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, அடித்தொண்டையில் ‘குர்ர்’ என்ற அதிர்வோடு கடுகைச் சுற்றி மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். மேலே ஏறினாள், பல்லை நறநறத்தாள். கடுகு கத்திக்கொண்டு ஓடினாள், சில சமயம் திரும்பி நின்று சிறுநீரைப் பீய்ச்சினாள். இரண்டில் ஒன்று ஆணோ என்று மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டும் பெண்தான். பெண்களும் இப்படித்தான் யார் பெரியவள் என்று தீர்த்துக்கொள்ளும், ஏறத்தாழ 16 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்போது இது கூடும் என்றார்.

நான் அதற்குள் பயந்துபோய் இரண்டையும் ஒரு வாரம் பிரித்து வைத்திருந்தேன். மறுபடி சேர்த்ததும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. ‘ஆதிக்கம்’ என்று அச்சிட்டால் படிப்பவர் மனதில் சாதி ஆதிக்கம், ஆணாதிக்கம் என்று கொடுமைதான் வரும். உடனே கூண்டைப் பிரிப்பார். ரத்தம் வராதவரை பிரிக்க வேண்டாம் என்பதுதான் அந்தப் பகுதியின் சாரமே. சொல் கொடுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து

அம்மா, ஆதிக்கம் வடசொல் வழி வந்தது என்பதாலும் அதை விடலாம். ‘ஓங்கல்’ நல்ல சொல். மலைக்கும் மூங்கிலுக்கும் ஆகிவந்தது, உயர்ந்து நிற்பதைக் குறிப்பது. கினிப்பன்றிகள் முகத்துக்கு முகம் மூக்கை உயர்த்தி நிற்கும் என்றும், தாழ்த்துவது பணிந்துவிடும் என்றும் படித்திருக்கிறேன். ஓங்கல் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்று. ‘கினிப்பன்றி’யே பிழையான பெயர். அது பன்றியும் அல்ல, கினியிலிருந்து வந்ததும் அல்ல. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் பழக்கப்பட்ட கொறி விலங்கு. தொல்காப்பியத்தின் மரபியலில் மூங்கா, வெருகு, எலி, அணில் நான்கின் இளமைக்கும் ‘குட்டி’ உரியது, ‘பறழ்’ என்றாலும் தவறில்லை. எலிக்கு உரியது இதற்கும் ஆகும். துண்டறிக்கையில் ‘பறழ்’ என்று போட்டால் ஒரு நல்ல சொல் உயிர் பெறும்.

தாம்பரத்திலிருந்து

ஐயா, வகுப்பில் உயிரியல் நடத்துகிறவன் என்ற முறையில் ‘ஓங்கல்’ வேண்டாம் என்பேன். பரம்பரைப் பண்புகளை ஆராய்ந்த மெண்டலின் பட்டாணிக்கு ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று பாடநூலில் நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. கோழிகளிடம் யார் பெரியவர் என்ற இந்த ஒழுங்கை நார்வேக்காரரான ஷெல்டெரப் எப்பே 1921-இல் விவரித்தார். எது எதைக் கொத்தலாம் என்பதே கணக்கு. அதைக் ‘கொத்துவரிசை’ என்று மாணவர்களிடம் சொல்கிறேன், உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கினிப்பன்றி கொத்தாது.

மயிலாப்பூரிலிருந்து

‘வரிசை’ என்றீர்கள், அதுதான் சொல்! புறநானூறு 121-இல் கபிலர் மலையமான் என்ற குறுநில மன்னனிடம், கொடுப்பது எளிது, ‘வரிசை அறிதலோ அரிதே’ என்கிறார். அங்கே வரிசை என்பது அவரவர் தகுதிக்குரிய இடம். ‘வரிசை நாட்டல்’ என்று சொல்லுங்கள். அந்த உறுமலோடு கூடிய ஆட்ட நடைக்குக் குறளின் ‘பீடுநடை’ இருக்கிறது.

கொளத்தூரிலிருந்து

வரிசை என்றால் இன்று ரேஷன் கடை வரிசைதான் ஐயா. பீடுநடை அழகு, ஆனால் குறளில் அது ஏறு நடக்கிற நடை. இங்கே நடப்பது பெண் குட்டி. ‘உறுமல் நடை’ போதும், கேட்டவுடன் புரியும்.

நான் பல வருடமாக வளர்க்கிறேன். வாங்க வருகிறவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: ஒன்று முந்தும், ஒன்று ஒதுங்கும். முந்துவது முதலில் தின்னும், நல்ல மூலையில் படுக்கும். ஒதுங்குவது ஒதுங்க இடம் இருந்தால் சண்டையே வராது. அதனால் தட்டு இரண்டு, தண்ணீர்க் குப்பி இரண்டு, ஒளிகிற பெட்டிக்கு இரண்டு வாசல். ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டது கடி வாங்கும். சொல்லைவிட இந்த இரண்டு வாசலைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தாம்பரத்திலிருந்து

முந்துதல், ஒதுங்குதல். ஓங்கு, ஒடுங்கு போலவே இணையாக நிற்கிறது, எதிர்ச்சொல்லும் கையோடு கிடைத்துவிட்டது. ‘முந்துதல்’ பேருந்து முந்துவது போல வேகத்தைக் குறிக்கும் என்று யாராவது சொல்லலாம். ‘அவையத்து முந்தி இருப்பச் செயல்’ என்பதில் வேகம் இல்லை, முதலிடம்தான். என் வாக்கு இதற்கு.

பெரம்பூரிலிருந்து

நாற்பது மடல் ஆகிவிட்டது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் ‘முந்துதல்–ஒதுங்குதல்’ பக்கம். தலைப்பு: ‘முந்தும் நடத்தை’. உறுமல் நடை, பல் நறநறத்தல், மேலேறுதல் மூன்றும் அதன் கீழ் வரும். பாய்ந்து கடித்து ரத்தம் வருவது மட்டும் ‘சண்டை’ என்று தனிக் கட்டத்தில். இரண்டு வாசல் தடித்த எழுத்தில். எல்லோருக்கும் நன்றி. மிளகு இப்போது முந்தித் தின்கிறாள், கடுகு இரண்டாவது தட்டில் நிம்மதியாகத் தின்கிறாள்.

மயிலாப்பூரிலிருந்து

அச்சுக்குப் போவதைத் தடுக்க மாட்டேன். ‘குட்டி’யும் இருக்கட்டும், மரபியல் அதற்கு முதலிடம் தருகிறது. ஆனால் அந்தக் குறளில் மகன் முந்தி இருப்பது கல்வியால் ஐயா, இடித்துத் தள்ளி அல்ல. என் வாக்கு ‘வரிசை’க்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.