புதுப்பிப்பு: நெரிசலான பொதுநிலத்தில் என் முதல் மான் வேட்டை, இதுவரையிலான ஆயத்தம்

பென்சில்வேனியாவின் அரசு வேட்டை நிலமொன்றில், துப்பாக்கிப் பருவத்தின் முதல் நாளன்று அத்தனை பேருக்கு நடுவே எங்கே அமர்வது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். மானை விட்டுவிட்டு முதலில் மனிதர்களின் நடமாட்டத்தைக் கவனிக்கச் சொன்ன பதிலே மிகவும் பயன்பட்டது.

அதன்படி மூன்று சனிக்கிழமைகள் நடந்து பார்த்தேன். வாகன நிறுத்தத்திலிருந்து அரை மைல் வரை மரத்துக்கு மரம் பிற வேட்டைக்காரர்கள் கட்டிய வழிகாட்டி நாடாக்கள் தொங்கின. அதற்கப்பால், யாரும் ஏற விரும்பாத செங்குத்துச் சரிவுக்கு மேலே, இரு முகடுகளுக்கு இடையிலுள்ள தாழ்வில் புதிய புழுக்கைகளும் கொம்பு உரசிப் பட்டை உரிந்த இளமரங்களும் இருந்தன. விடிந்தபின் கீழே வருவோர் கிளப்பிவிடும் மான்கள் இவ்வழியாகவே கடக்கும் என்பது என் கணிப்பு. மேற்கிலிருந்து காற்றடித்தால், என் வாடை மான்களை எட்டாதபடி தாழ்வின் கிழக்கு ஓரத்தில் அமர்வேன். காற்று மாறினால் போவதற்கு இன்னோர் இடமும் குறித்துள்ளேன்.

பிற வேட்டைக்காரர்களின் கண்ணில் படுவதற்காகத் தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாகச் சட்டம் கோரும் 250 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சு உடை போதாதென்று (என் மனைவியின் வற்புறுத்தல்) முதுகுப்பையையும் அந்நிறத் துணியால் மூடிவிட்டேன். ரைஃபிளின் குறியை 100 கஜத்தில் சரிபார்த்தாயிற்று. மானுக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் மண்மேடு தெரியாவிட்டால், அது எவ்வளவு அருகில் நின்றாலும் சுடப்போவதில்லை.

வீழ்த்திய மானை அச்சரிவில் இறக்கும் வழிதான் இன்னும் பிடிபடவில்லை; பிளாஸ்டிக் சறுக்குப்பலகை பயன்படுத்தியவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.