புதுப்பிப்பு: ஃபர்னஸ் டஸ்ட் கலெக்டர் பை ஓட்டை விவகாரம்

எங்கள் இண்டக்‌ஷன் ஃபர்னஸின் (மின்சாரத்தால் உலோகம் உருக்கும் உலை) டஸ்ட் கலெக்டரில் (உலைப் புகையின் தூசியைத் துணிப் பைகளால் வடிகட்டும் கருவி) பாலியஸ்டர் பைகள் மூன்றே மாதத்தில் ஓட்டையாகின்றன, கண்ணாடி இழைக்கு மாறலாமா என்று கேட்டிருந்தேன். ஆறு மாதமாகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

பையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மிளகு அளவில் வட்ட ஓட்டைகள், ஓரமெல்லாம் உருகிக் கட்டி தட்டியிருந்தது. மொத்தச் சூடு காரணமென்றால் துணி முழுக்கச் சுருங்கி விறைத்திருக்கும். இது தீப்பொறி வேலை. பொறி எந்தத் துணியையும் துளைக்கும். பையை மட்டும் மாற்றியிருந்தால் காசு தண்டம்.

அதனால் முதலில் குழாய்வழியில் தீப்பொறித் தடுப்பான் வைத்தோம். அப்புறம் கலெக்டருக்குள் புகை நுழையும் இடத்தில் சூட்டை அளந்தோம். சாதாரணமாக 90 டிகிரி. எண்ணெய் பிசுக்குள்ள ஸ்கிராப் போடும்போது மட்டும் 160. பாலியஸ்டர் தொடர்ந்து தாங்குவது 130 சொச்சம்தான். ஆகவே 200 வரை தாங்கும் அராமிட் (சூடு தாங்கும் செயற்கை இழை) பைகள் போட்டோம். கண்ணாடி இழை 260 தாங்கும், சரி. ஆனால் மடங்கி மடங்கி உரசினால் ஒடிந்துவிடும், எங்கள் பல்ஸ் ஜெட் (பையில் படிந்த தூசியை உதிர்க்க விட்டுவிட்டு அடிக்கும் அழுத்தக் காற்று) அடிக்கு வேண்டாம் என்று விட்டோம்.

இதுவரை ஓட்டை இல்லை. எண்ணெய்ப் புகை பையில் அப்புவதுதான் இன்னும் தொல்லை. ஸ்கிராப்பைச் சுத்தம் செய்து போடச் சொன்னால் சூப்பர்வைசர் முறைக்கிறார்.