ஊறவைத்த பிசின் கரையவில்லையே, ஏன்?

மயிலை வாசகி:
என் பாட்டி கைப்பட எழுதிய சமையல் குறிப்பேட்டின் முதுகு விட்டுப்போய், தாள்கள் தனித்தனியாக வந்துவிட்டன. செடிகொடிகளிலிருந்து கிடைக்கும் பசையால் ஒட்ட விரும்பி, பாரிமுனையில் நாட்டு மருந்துக் கடையொன்றில் ‘பிசின்’ என்று மட்டும் கேட்டு 100 கிராம் வாங்கினேன். இரவு ஒரு கைப்பிடியை ஊறவைத்தேன். காலையில் கிண்ணம் வழிய உப்பியிருந்ததே தவிர, கரையவில்லை. தாளில் தடவினால் துண்டு துண்டாக வழுக்குகிறது. கொதிக்க வைக்கலாமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
வேண்டாம் அம்மா. தங்களுக்குக் கிடைத்திருப்பது ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின். அது நீரை உறிஞ்சி உப்புமே ஒழிய, எளிதில் கரையாது. ஒட்டுவதற்குக் கருவேலம் பிசின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெளிறிய கட்டிகளாகப் பார்த்துப் பொடித்து, ஒரு பங்குக்கு இரு பங்கு நீர் விட்டு ஊறவைத்து, மரப்பட்டைத் தூசு போக மெல்லிய துணியில் வடிகட்டினால் தேன்போன்ற பசை கிடைக்கும். குங்கிலியத்தையும் சிலர் பிசின் என்பார்கள். அது நீரில் கரையவே கரையாது. பலாப்பாலும் அப்படித்தான்: பழம் அரிந்த கையை எண்ணெய் தொட்டுத்தானே துடைக்கிறோம்?

திருவல்லிக்கேணி பைண்டர்:
ஐயா சொன்னது கடித உறை ஒட்டச் சரி. புத்தக முதுகுக்கு நான் ஒப்பமாட்டேன். வேலம் பிசின் காய்ந்தால் கண்ணாடிபோல் விறைத்து, ஏட்டைத் திறக்கும்போதே வெடிக்கும்; ஐப்பசி மழை ஈரத்தில் பிசுபிசுக்கவும் செய்யும். முதுகுத் துணிக்குப் புளியங்கொட்டைப் பசை நன்று. தஞ்சாவூர் ஓவியர்கள் பலகையில் துணி ஒட்டவும் அதைப் பயன்படுத்துவதுண்டு. கொட்டையை வறுத்து, பழுப்புத் தோலை ஒட்டுமொத்தமாக நீக்கி (கொஞ்சம் தங்கினாலும் தாளில் கறை ஏறும்), ஊறவைத்து அரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சுங்கள். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஆனால் அது நாளடைவில் தாளையே அரித்துவிடும் என்பதால், பாட்டியின் கையெழுத்துக்கு அருகில் அதைக் கொண்டுபோகாதீர்கள். பசையை மெல்லியதாகத் தடவி, பாரம் வைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

செங்கற்பட்டுக்காரர்:
எங்கள் ஊரில் நறுவிலிப் பழத்தைப் பிதுக்கித்தான் பள்ளி நோட்டுக்கு அட்டை ஒட்டுவோம்; மூக்குச்சளிப் பழம் என்றால் பலருக்குப் புரியும். எறும்பு வரும் என்பதால் பழைய ஏட்டுக்குப் பரிந்துரைக்கமாட்டேன்.

மயிலை வாசகி:
அனைவருக்கும் நன்றி. புளியங்கொட்டைப் பசையை முதலில் ஒரு பழைய நாட்காட்டியில் தடவிப் பார்த்தேன். கறை இல்லை, மடித்தாலும் விரிசல் விடவில்லை. நாளை ஏட்டில் கைவைக்கிறேன். கிண்ணத்தில் உப்பியிருந்த பாதாம் பிசினில் பாலும் நன்னாரி சர்பத்தும் சேர்த்துப் பிள்ளைகள் காலி செய்துவிட்டார்கள்.