6 தேக்கு நாற்காலிக்கு 9 கன அடி மரம் ஆகுமா?

புதுக்குடித்தனம்:
சாப்பாட்டு மேசைக்கு 6 தேக்கு நாற்காலி செய்ய வேண்டும். கைப்பிடி கிடையாது, முதுகில் 4 பட்டை, உட்காரும் இடத்தில் மட்டும் குஷன். ஆசாரி கொடுத்த எஸ்டிமேட்: மரம் 9 கன அடி, அடி ரூ.3,800 வீதம் 34,200, கூலி நாற்காலிக்கு 2,500 வீதம் 15,000, பாலிஷ் 3,600, குஷன் 4,200. ஆகமொத்தம் 57,000. மர அளவுதான் இடிக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது? மிச்ச மரத்தில் சமையலறைக்கு ஒரு ஸ்டூல் தேறுமா?

உளிச்சத்தம்:
நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. இழைத்த அளவைப் போட்டால் கணக்கு குறைந்துவிடும்: இழைத்தபின் 1¾ அங்குலம் நிற்கும் கால், அறுக்கும்போது 2 அங்குலம். கழுந்துக்கும் (அடுத்த கட்டையின் துளைக்குள் நுழையும் முனை) இரு முனையிலும் ஒவ்வொரு அங்குலம் விட வேண்டும். ஒரு நாற்காலிக்கு:

பின்கால் 2: 3¼ அடி, இரண்டும் ஒரே 6×1½ பலகையில் – 0.20
முன்கால் 2: 1½ அடி, 2×2 – 0.08
இருக்கைச் சட்டம் 4: 1½ அடி, 3×1 – 0.13
முதுகின் மேல், கீழ் கட்டை: 1½ அடி, 3×1¼ – 0.08
பட்டை 4: 1½ அடி, 2×¾ – 0.06
குறுக்குக் கட்டை 3: 1½ அடி, 1½×1 – 0.05

ஆக 0.60. ஆறுக்கு 3.6, சேதாரம் கால் பங்கு சேர்த்தால் 4.5. பின்கால் வளைவானது என்பதால் அதில்தான் மரம் வீணாகும். அட்டையில் மாதிரி வெட்டி, ஒன்றின் வளைவுக்குள் மற்றதைப் படுக்கவைத்துக் கோடு போட்டால் 6 அங்குலப் பலகை போதும். தனித்தனியாக 4 அங்குலப் பலகையில் எடுத்தால் ஆறு நாற்காலிக்கு இன்னும் 0.4 கன அடி. அப்படியும் 5-ஐத் தாண்டாது.

தடிக்கணக்கு:
அவசரப்பட்டு ஆசாரியைத் திருடனாக்க வேண்டாம். 9 என்பது தடி (அறுக்காத உருட்டு மரம்) அளவாக இருக்கலாம். தடியில் சுற்றளவின் கால் பங்கை அதே அளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். 36 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 9×9×10÷144 = 5.6 கன அடி. அதில் மரப்பட்டை, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர்மரம்), கோணல், வாள் தின்பது எல்லாம் போக, ஒல்லித் தடியில் பாதிக்குப் பக்கம் கழிந்துவிடும். வெள்ளையைக் கழிக்காமல் சேர்த்தால் அந்த இடம்தான் முதலில் உளுக்கும்.

ஆனால் அப்போது தடி விலை போட வேண்டும், அறுப்புக் கூலி தனி. தடி விலை, அறுத்த சைஸ் விலையைவிடக் குறைவு. 3,800 எந்த விலை என்று கேளுங்கள். சைஸ் விலையைத் தடி அளவோடு பெருக்கியிருந்தால் கழிவுக்கு இரண்டு தரம் பணம் கொடுக்கிறீர்கள். 5 கன அடி என்றால் 19,000 தான், வித்தியாசம் 15,200. பில்லில் ஜிஎஸ்டி உள்ளா வெளியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ரெக்சின்ராசா:
குஷன் பலகை அளவை முடிவு செய்யாமல் பிளைவுட் வாங்காதீர்கள். 4×4 அடித் துண்டில் 18 அங்குலச் சதுரம் நாலுதான் வரும். 15¾ என்றால் ஒன்பது. 17¾ வேண்டுமானால் 6×3 ஷீட்டில் எட்டு எடுக்கலாம். 9 மி.மீ. போதும், சட்டத்துக்கு உள்ளே நாலு மூலையிலும் முட்டுக்கட்டை இருந்தால். ஃபோம் 1½ அங்குலம், 40 டென்சிட்டி. அதற்குக் கீழே போனால் சீக்கிரம் பள்ளம் விழும். 54 அங்குல அகல ரெக்சினில் ஓரம் மடிக்க விட்டும் ஆறு இருக்கைக்கு 2 மீட்டர் போதும்.

முன்கால் உயரத்தைக் குஷனோடு சேர்த்து எண்ணுங்கள். மேசை 30 அங்குலம் என்றால் இருக்கை 18. கால் 18-க்கு அறுத்து, மேலே குஷன் வைத்தால் தொடை மேசைச் சட்டத்தில் இடிக்கும். பிறகு காலை வெட்டினால் குறுக்குக் கட்டையெல்லாம் தரைக்கு இறங்கிவிடும்.

உளிச்சத்தம்:
ஸ்டூல் விஷயம்: சைஸ் மரமாக வாங்கினால் மிஞ்சுவது இழைப்புச் சுருளும் குட்டைத் துண்டும்தான், ஸ்டூல் கால் தேறாது. ஓரடிச் சதுர ஸ்டூலுக்குக் கிட்டத்தட்ட 0.3 ஆகும், சேதாரத்தோடு 0.4 கூடுதலாகச் சொல்லிவிடுங்கள். தடியாக வாங்கினால், அறுத்து மிஞ்சுவது யாருக்கு என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.