பிப்ரவரியில் மட்டும் கறுப்பின வரலாறு: பள்ளியில் இது சரியா?

ஆஸ்டின்காரன்:
மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்றும் மார்ட்டின் லூதர் கிங் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு வந்தாள். போன வருடமும் அதே படம்தான். இங்கே அமெரிக்கப் பள்ளிகளில் பிப்ரவரி முழுக்கக் கறுப்பின வரலாற்று மாதம் என்று சுவரெல்லாம் படம். மார்ச் பிறந்ததும் கழற்றிவிடுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வரலாறாகச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? தனியாக ஒரு மாதம் எதற்கு?

கயல் அம்மா:
அந்த "ஒரே வரலாற்றில்" அவர்களுக்கு இடம் கொடுக்காததால்தானே சார் இது வந்தது? தொடங்கியவர் கார்ட்டர் வுட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்கே போனார். 1912-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். 1926-ல் இதை ஒரு வாரமாக ஆரம்பித்தார். லிங்கன், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் அந்த வாரத்தில் வரும் என்பதால் பிப்ரவரி. 1976-ல் மாதமானது. அப்புறம், நாம் இங்கே வந்த கதையும் இதில் இருக்கிறது. 1965 குடியேற்றச் சட்டத்துக்கு முன்னால் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு. கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கி நடத்திய உரிமைப் போராட்டம்தான் அந்தச் சட்டத்துக்கு வழிவிட்டது.

ஆஸ்டின்காரன்:
அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் கிங் என்ன செய்தார் என்று மகளிடம் கேட்டால், "கனவு கண்டார்" என்கிறாள். "எனக்கொரு கனவு உண்டு" என்ற அவர் பேச்சு மட்டும்தான் அவளுக்குத் தெரியும். உரிமைப் போராட்டத்துக்காக அவர் பர்மிங்ஹாம் சிறையில் இருந்ததே அவளுக்குத் தெரியாது. அந்த வலிதான் எனக்கு.

ஓய்வுபெற்ற டீச்சர்:
நான் வகுப்பில் ரூபி பிரிட்ஜஸிடமிருந்துதான் தொடங்குவேன். 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ். ஆறு வயதுக் கறுப்பினக் குழந்தை, மார்ஷல்கள் எனும் மத்திய அரசுக் காவலர்கள் துணையோடு, அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்குள் போகிறாள். வெள்ளைக்காரப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு அவள் ஒருத்திக்காகவே பாடம் நடத்தினார். "டீச்சர், அப்போ அவளோட யார் விளையாடினாங்க?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். வகுப்பே அமைதியாகிவிட்டது.
வுட்சன் நினைத்ததும் இதுதான்: வருடம் முழுக்கப் படித்ததை அந்த வாரத்தில் பிள்ளைகள் எடுத்துக் காட்டவேண்டும்.

ஆஸ்டின்காரன்:
அப்படி நடந்தால் சரி டீச்சர். நடக்கவில்லையே.

கயல் அம்மா:
நடக்கவில்லை என்று மாதத்தை எடுத்துவிட்டால் ரூபி எந்தப் பாடத்தில் வருவாள் சார்? பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்கவேண்டியது அதைத்தான்.

ஆஸ்டின்காரன்:
கேட்கிறேன். தனி மாதம் வேண்டுமா என்பதில் இன்னும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அக்டோபரில் என்ன பாடம் என்று முதலில் கேட்கிறேன்.