பெரியப்பா செக்கப் (நம்ம குடும்பம் குழு)

முரளி: பெரியப்பா ஏதோ ஆப்ல மாரடைப்பு, ஸ்ட்ரோக் வர்ற ரிஸ்க் கணக்குப் போட்டிருக்காரு. 10 வருஷத்துக்கு 12 சதவீதமாம். மாத்திரையைக் குறைக்கலாமான்னு கேக்குறாரு

தேவி அத்தை: யார் அனுப்பினது அதை

முரளி: ரமேஷ் சித்தப்பா

ரமேஷ் சித்தப்பா: நல்லதுக்குத்தான் அனுப்பினேன்

கவிதா: ஃப்ராமிங்ஹாம் கணக்கா? அது இதுவரைக்கும் மாரடைப்பு, ஸ்ட்ரோக் வராதவங்களுக்கு. பெரியப்பா மாதிரி கழுத்து ரத்தக்குழாய்ல ஆபரேஷன் பண்ணி அடைப்பு எடுத்தவருக்குப் பொருந்தாது. ஏற்கெனவே நோய் இருக்கிறவங்களுக்கு ஸ்மார்ட் 2-ன்னு தனிக் கணக்கு இருக்கு. வயசு, புகை, மேல் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட்), கிரியேட்டினினை வச்சுப் போடுற கிட்னி வேலை செய்யுற அளவு, நோய் வந்து எத்தனை வருஷம், இதயம், கால், வயித்து ரத்தக்குழாய்லயும் பாதிப்பு உண்டா, இத்தனையும் கேக்கும்

தேவி அத்தை: புகைன்னு வந்துச்சா 🙄

பெரியப்பா: விட்டாச்சு

தேவி அத்தை: மொட்டை மாடில வாசனை வந்துச்சே

பெரியப்பா: கழுத்துலதான் சுரண்டி எடுத்தாச்சே, இன்னும் என்ன?

கவிதா: எடுத்தது ஒரு இடத்துல பெரியப்பா. அந்தப் பக்க ஸ்ட்ரோக்குக்குத்தான் அது காவல். வருஷம் போகப் போக பயப்பட வேண்டியது இதயத்துக்கு. நெதர்லாந்துல உத்ரெக்ட்ல இப்படிக் கழுத்துல எடுத்த கொழுப்புப் படிவை ஆராய்ஞ்சு பாத்தாங்க, அதுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்தவங்களுக்குப் பின்னாடி வேற குழாய்லயும் பிரச்சினை கூடுதலா வந்துச்சு. நம்ம ரிப்போர்ட்ல அந்த விவரமெல்லாம் இருக்காது

சுதா: கல்யாண லிஸ்ட் யாருகிட்ட இருக்கு?

தேவி அத்தை: அப்புறம் சுதா

பிரபு: நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதுன்னாரே, அதை டாக்டர்கிட்ட சொல்லணும். கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுத்தா 0.9 அல்லது அதுக்குக் கீழ வந்தா கால் குழாயும் அடைச்சிருக்கு. ரிஸ்க் ஒரு படி மேல போகும்

முரளி: எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 92. நார்மல்னு போட்டிருக்கு

கவிதா: லேப் நார்மல் வேற, இவருக்கு வேற. 70-க்குக் கீழயாவது வரணும். ‘நார்மல்’ பாத்துட்டு ஸ்டாட்டினை (கொலஸ்ட்ரால் மாத்திரை) நிறுத்துறதுதான் வழக்கமா நடக்குற தப்பு, அந்த அளவே மாத்திரையாலதான். பல் பிடுங்கணும்னு ஆஸ்பிரினையும் தானா நிறுத்தக் கூடாது

பிரபு: டூப்ளெக்ஸ் ஸ்கேன்ல (ரத்த ஓட்டத்தைப் பாக்குற அல்ட்ராசவுண்ட்) மறுபக்கக் கழுத்தையும் பாக்கச் சொல்லு. ஆபரேஷன் பண்ணின இடம் 2 வருஷத்துக்குள்ள சுருங்கினா பெரும்பாலும் தழும்புத் திசு, அதுக்கப்புறம்னா மறுபடி கொழுப்புப் படிவுதான்

பெரியம்மா: செவ்வாய்க்கிழமை யார் கூட வர்றது

ரமேஷ் சித்தப்பா: எனக்கு மீட்டிங்

தேவி அத்தை: போன தடவையும் இதேதான்

ரமேஷ் சித்தப்பா: ஆரம்பிச்சாச்சா

முரளி: காலைன்னா நான் வரேன், மதியம்னா முடியாது

பெரியம்மா: டோக்கன் இன்னும் போடலையே

சுதா: லிஸ்ட்?